கருப்பு ஏழு

ஜனவரி 6, திங்கள்

மருந்துக்கடைக்காரர் கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூட்டுவலித் தைல விளம்பரம். என் நடையைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தாரோ என்னவோ. காலையில் சமையல் கேஸுக்குப் பதிவு செய்தேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறேன் என்று முன்பணம் வாங்கிப் போன ஆளைக் காணவில்லை.

பத்தொன்பதாம் தேதி எங்கள் சங்கத்தின் கண்காட்சி. திருச்சியில் விமான மாடல் செய்கிற பைத்தியங்கள் இருபத்தாறு பேர் இருக்கிறோம். அதற்கு ஒரு சங்கம், மூக்குக்கண்ணாடிக்கடை முபாரக் அதற்குச் செயலாளர், நான் நடுவர். ஆறு வருஷமாக நான்தான். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உலகப்போர்க்கால ஜெர்மன் ஜெட் விமானங்களை அடையாளம் சொல்ல இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மெஸ்ஸர்ஷ்மிட் 262இன் மங்கல் படம் ஒன்றைக் கொடுங்கள். வாலுக்கு முன்னால் உடம்பைச் சுற்றி ஓடும் பட்டையின் நிறம் எந்தப் படை என்று சொல்லும். மூக்குப் பக்கம் உள்ள எண்ணின் நிறம் அந்தப் படைக்குள் எந்தப் பிரிவு என்று சொல்லும்: வெள்ளை முதல் பிரிவு, கருப்போ சிவப்போ இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது. படை, பிரிவு, எண் மூன்றும் கிடைத்துவிட்டால் ஓட்டியவன் பெயர்வரை போய்விடலாம்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு படம் இணையத்தில் சுற்றியது. காட்டுப்பாதை ஓரம் முன்சக்கரம் முறிந்து குப்புறக் கிடக்கும் ஜெட், பக்கத்தில் மூன்று சிப்பாய்கள், மூக்கில் ஒரு ஏழு. யாராலும் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன்: கருப்பு ஏழு, இரண்டாம் பிரிவு. கட்டுரையாகவே எழுதினேன். ஜெர்மனியில் வந்த புத்தகம் ஒன்றின் அடிக்குறிப்பில் என் பெயர் இருக்கிறது: தாமோதரன், திருச்சி. முப்பத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் படம் வரைந்தேன், ஒரு தாளிலும் என் பெயர் வந்ததில்லை. அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

வத்சலா சொல்வாள்: "யாரோ எவனையோ கொல்லப் போன பிளேனு. அது கருப்பா செவப்பான்னு உங்களுக்கு என்னங்க வந்துச்சு?" நாற்பது வருஷமாக இப்படித்தான். வீட்டுக்காரன் அருமை வீட்டில் தெரியாது.

ஜனவரி 11, சனி

வெள்ளையடிப்பவர் ஒருவழியாக வந்தார். வீடெல்லாம் சாமான். அந்த ரகளையில் இருதயராஜ் வந்து நின்றார்.

இருதயராஜ் பாலக்கரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். எல்லோர் கையிலும் போன் வந்ததும் ஸ்டுடியோ படுத்துவிட்டது. இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் போடுகிறார். சங்கத்தில் சேர்ந்து இரண்டு வருஷம்தான். கெட்டிக்காரக் கை, மற்றவர்கள் வெளிநாட்டு உதிரிபாகப் பெட்டி வாங்கி ஒட்டுகிறார்கள் என்றால் இவர் மரத்திலும் தகரத்திலும் தானே செதுக்குகிறார்.

இந்த வருஷம் முதல் பரிசுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஊருக்கு வெளியே உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில், விமானத் துறைக்குப் பன்னிரண்டு மாடல்கள் செய்து தர ஆள் தேடுகிறார்கள். ஒரு வருஷ வேலை. முதல் பரிசு யாருக்கோ அவருக்கே அந்த வேலை என்று முபாரக் பேசி வைத்திருக்கிறார். இருதயராஜுக்கு அது கிடைத்தால் கடையைப் பூட்டிவிட்டு நிம்மதியாக உட்காரலாம். அவருக்கும் அது தெரியும்.

விண்ணப்பத்தைக் கொடுத்தார். பார்த்தால், அதே காட்டுப்பாதை ஜெட். அதே ஏழு. நிறம் என்ற இடத்தில் "மஞ்சள்" என்று எழுதியிருக்கிறார்.

"என் கட்டுரையைப் படிக்கலையா?" என்றேன்.

"படிச்சேன் சார். நாலஞ்சு தடவை படிச்சேன். அதான் ஒரு லெட்டர் எழுதிக் கொண்டாந்தேன். ஜட்ஜிங்குக்கு முன்னாடி நீங்க பாத்துட்டீங்கன்னா போதும்."

நேரில் சொல்லக் கூச்சமாம். உறையை மேஜையில் வைத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். வீடு கிடக்கிற கிடப்பில் யார் பிரித்துப் படிப்பது? பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வத்சலா வெல்லத்தைக் குறைத்துவிட்டாள், சர்க்கரை வியாதியாம். பொங்கலில் வெல்லத்தைக் குறைப்பவள் கடவுளிடம் என்ன கேட்பாள்? ஒரு நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுத ஒரு மனிதருக்கு என்ன இருக்கிறது என்றும் புரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கண்காட்சி முடிந்தது. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம், மொத்தம் பதினேழு மேஜை. நல்ல கூட்டம். கல்லூரியிலிருந்து பேராசிரியர் வந்திருந்தார்.

இருதயராஜின் ஜெட் நன்றாகத்தான் இருந்தது. எழுதுவதற்கென்ன, இருந்ததை இருந்ததென்று சொல்லவேண்டும்: நான் இதுவரை பார்த்ததிலேயே நல்ல வேலை. முறிந்த சக்கரம், உடம்பில் அப்பிய சேறு, பக்கத்தில் சுண்டுவிரல் உயரத்துக்கு மூன்று சிப்பாய்கள். பேராசிரியர் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. குனிந்து குனிந்து பார்த்தார்.

நான் விதிப்படி நடந்தேன். அடையாளம் தவறென்றால் பதினைந்து மதிப்பெண் போகும். அந்த விதியை எழுதியதும் நான்தான். ஒலிபெருக்கியில் காரணம் சொல்லவேண்டியிருந்தது. "வேலை நேர்த்தி. ஆனா இது மூணாம் பிரிவு விமானம் இல்லை. ஸ்டுடியோவுல கன்னத்துக்கு ரோஸ் பவுடர் டச்சிங் பண்ற மாதிரி, நம்ம இருதயராஜ் கையில கிடைச்ச கலரை எண்ணுக்கு அடிச்சிட்டார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பேராசிரியரும் சிரித்தார்.

முதல் பரிசு தில்லைநகர் ஆடிட்டருக்கு. ஜப்பான் பெட்டி, சுத்தமான ஒட்டு, குறை சொல்ல ஒன்றுமில்லை.

இருதயராஜ் தன் மாடலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் பக்கத்தில் வந்து கேட்டார்: "சார், நான் குடுத்த லெட்டரைப் பாத்தீங்களா?"

"எந்த லெட்டர்?" என்றேன்.

"சரி சார்" என்று போய்விட்டார். நமக்கு எத்தனையோ காகிதம் வருகிறது. எல்லாம் நினைவிலா இருக்கும்?

ஜனவரி 20, திங்கள்

முழங்கால் வலி. எங்கும் போகவில்லை.

ஜனவரி 22, புதன்

வெள்ளையடிக்கக் கழற்றிய படங்களை வத்சலா துடைத்துத் துடைத்துக் கொடுக்க, நான் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்பா அம்மாவின் கல்யாணப் படம், ஐம்பத்து நாலில் எடுத்தது. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, அத்தைக்குக் கழுத்துல கருப்புக் கயிறா கட்டுனாங்க?"

"பைத்தியமா உனக்கு? தாலிக் கயிறு. மஞ்சள்தான்."

"படத்துல கருப்பால்ல இருக்கு."

"அந்தக் காலத்து ஃபிலிம் அப்படி. மஞ்சள் கருத்துத்தான் விழும்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். படத்தைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். நாற்பது வருஷமாகச் சுவரில் தொங்குகிற படத்தில் இன்றைக்கு ஒரு சந்தேகம்.

அதற்குப்பின் அவள் போட்ட காபியில் சர்க்கரை இல்லை. கேட்கத் தோன்றவில்லை. குடித்தேன்.

ஜனவரி 27, திங்கள்

முபாரக் போன் செய்தார். "சார், இருதயராஜண்ணன் சங்கக் கார்டைத் திருப்பிக் குடுத்துட்டார். பெயின்ட், பிரஷ், ஸ்ப்ரே அடிக்கிற ஏர்கன் எல்லாத்தையும் விக்கப்போறாராம், யாருக்காவது வேணுமான்னு குரூப்புல போடச் சொன்னார். போடவா?"

"ஏன், கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல சார். 'கண்ணு போயிருச்சு தம்பி, முப்பத்தெட்டு வருஷம் கலர் பாத்த கண்ணு, இப்ப மஞ்சளுக்கும் கருப்புக்கும் வித்தியாசம் தெரியல'ங்கறார். என் கடைக்கே வந்து டெஸ்ட் பண்ணிக்கிட்டார். நான்தான் பாத்தேன். பார்வை அருமையா இருக்கு. நான் சொன்னா நம்பல."

கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த மனிதர் என் மேல் சந்தேகப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தன் கண் மேல் சந்தேகப்பட்டிருக்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

யாரும் படிக்காத டைரியில்கூடப் பொய் எழுதியிருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பதினொன்றாம் தேதி பிரிக்கவில்லை என்கிறேன், பதினாலாம் தேதி இரண்டு பக்கம் என்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சோறாவது கொஞ்சம் நிறையப் போடவேண்டும்.

உறையை அவர் படி இறங்கியதுமே பிரித்துவிட்டேன். அதில் இருந்ததை இங்கே பார்த்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் மறுப்பேன்.

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு. நான் படிக்காதவன், தவறிருந்தால் பொறுக்கவும். அந்தப் படம் ஆர்த்தோ ஃபிலிமில் எடுத்தது என்று நினைக்கிறேன். அந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சள் கருக்கும், நீலம் வெளுக்கும். நான் வேலை கற்ற ஸ்டுடியோவில் அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவ்கள் ஆயிரம் இருந்தன. மஞ்சள் பூசி வரும் பெண்களை முகம் கழுவிவிட்டு வரச் சொல்லித்தான் படம் எடுத்தார்களாம், இல்லாவிட்டால் முகமே கருத்துவிடும் என்று முதலாளி சொல்வார். விமானத்தின் பின்பக்கம் எரிபொருள் மூடிக்கருகே சிறிய முக்கோணம் தெரிகிறது. அது எப்போதும் மஞ்சள்தான் என்று தாங்களே கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். படத்தில் அதுவும் ஏழாம் எண்ணைப் போலவே கருப்பாக இருக்கிறது. முக்கோணம் மஞ்சள் என்றால் ஏழும் மஞ்சளாக இருக்கலாம் அல்லவா? தாங்கள் பார்த்து இல்லை என்று சொன்னால் நான் கருப்பு அடித்துவிடுகிறேன்."

அன்றைக்கே லென்ஸை எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. முக்கோணமும் ஏழும் ஒரே கருப்பு. அந்தப் படையின் நீல-சிவப்புப் பட்டையில் நீலப் பாதி வெளிறிக் கிடக்கிறது, சிவப்புப் பாதியும் கருப்புச் சிலுவைக் குறியும் அந்த எண்ணைவிட அடர்ந்த கருப்பு. நாலு வருஷமாக நான் அந்த முக்கோணத்தைப் பார்க்கவே இல்லை, ஏழு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பிரிவுதான். அவர் சொன்னதுதான் சரி.

எட்டு நாள் இருந்தது. ஒரு போன் செய்திருக்கலாம். லேமினேட் செய்த பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், கடிதத்தைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். அவ்வளவுதான் நடந்தது. இதில் பெரிய சதியெல்லாம் இல்லை. ஒரு அடிக்குறிப்பு.

அந்த ரோஸ் பவுடர் வசனத்தை மட்டும் முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்துவிட்டது என்று யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

பிப்ரவரி 1, சனி

வசந்த பஞ்சமி எப்போது என்று வத்சலா பஞ்சாங்கத்தைக் கேட்டாள். எடுத்துக் கொடுக்கும்போது என் கை தயங்கியது. அவள் வாங்கி, உறை இருந்த பக்கத்தைத் தாண்டிப் புரட்டினாள், தேடுகிற சிரமமே இல்லாமல்.

"அதுல ஒரு கவர் இருக்கும்" என்றேன்.

"தெரியும். பொங்கலுக்கு நல்ல நேரம் பாக்க எடுத்தப்பவே பாத்தேன். பிரிச்சிருந்துச்சு. படிச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டேனே. அத்தை கழுத்துல என்ன கயிறுன்னு கேட்டேன். நல்லா வாயத் தொறந்து பதில் சொன்னீங்க. அதையே அந்த மனுசங்கிட்டச் சொல்லியிருந்தா என்னவாம்?"

வெட்கமாக இருந்தது. எனக்கு அறுபத்து நாலு வயது. வாத்தியாரிடம் மாட்டிக்கொண்டவன் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாயங்காலம் போயிட்டு வாங்க" என்றாள். "நாளைக்குன்னா வேற வலி வந்துரும் உங்களுக்கு."

போகவில்லை. வலி வந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

காலையிலேயே போனேன். பாலக்கரைக் கடையில் இருதயராஜ் ஒரு பெண்ணுக்கு ஆதார் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பின்னால் பழைய ஸ்டுடியோ அறை. திரை இன்னும் தொங்குகிறது.

நான் வாயைத் திறக்குமுன் அவரே சொன்னார்: "நல்லவேளை வந்தீங்க சார். ஒண்ணு காட்டணும்."

உள்ளேயிருந்து பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். அந்த ஜெட். மூக்கில் ஏழு. கருப்பு ஏழு. தேய்த்து, திரும்ப அடித்து, ஓரத்துக்கு வெள்ளைக் கோடும் இழுத்திருக்கிறார்.

"அடிச்சு முடிக்க மூணு நாள் ஆச்சு சார். நீங்க மைக்குல சொன்னப்புறம் தப்பை வீட்டுல வச்சிருக்க மனசு வரல. இப்ப சரியா இருக்கா பாருங்க. பாத்துச் சொல்லிட்டீங்கன்னா இதோட நிறுத்திக்கிறேன்."

எத்தனை படத்தைப் பார்த்து எத்தனை பேருக்கு அடையாளம் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் பார்க்க முடியவில்லை.

"இருதயராஜ், மஞ்சள்தான் சரி. நீங்க எழுதினது அத்தனையும் சரி. முக்கோணம், ஃபிலிம், எல்லாம்."

அவர் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதை எழுதித்தான் ஆகவேண்டும். "அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா சார்?" என்று கேட்டார். அப்புறம் யோசித்தார். "லெட்டர் இப்பத்தான் கிடைச்சுதா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரே வழியைத் திறந்துவிட்டு நிற்கிறார்.

"இல்லை. நீங்க குடுத்த அன்னைக்கே படிச்சேன்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே. படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. மறைச்சிட்டேன். புத்தகத்துல என் பேர் இருக்கு, அதனால."

ஆதார் பெண் நகலை வாங்கிக்கொண்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நழுவினாள். இருதயராஜ் இயந்திரத்தின் மூடியை மூடினார், திறந்தார், மூடினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

"என் சம்சாரம் அன்னைக்கு வந்திருந்தா சார். பின்னாடி வரிசையில. நீங்க டச்சிங்னு சொன்னீங்களே, எல்லாரும் சிரிச்சாங்கள்ல, அவளும் சிரிச்சா. ஏன் சிரிக்கிறாங்கன்னு தெரியாம, எல்லாரும் சிரிக்கிறாங்களேன்னு சிரிச்சிருக்கா. வீட்டுக்கு வந்து அர்த்தம் கேட்டா. நான்தான் சொல்லவேண்டியிருந்துச்சு."

என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிக்குள் கையை நீட்டினேன். "குடுங்க, நான் எடுத்துட்டுப் போய் மஞ்சள் அடிச்சு..."

"நீங்க தொடாதீங்க சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பெட்டியை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கல்லூரிப் பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஆடிட்டருடன் போன வாரமே கையெழுத்தாகிவிட்டதாம், மாற்ற முடியாதாம். "நீங்க ரொம்ப நேர்மையா ஒத்துக்கிட்டீங்க சார்" என்று வேறு பாராட்டினார். செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சங்கக் கூட்டம். முபாரக்கிடம் சொல்லி அதே ஒலிபெருக்கியை வாங்கி வரச் சொன்னேன். "இருபது பேருக்கு எதுக்கு சார் மைக்?" என்றார். வேண்டும் என்றேன்.

இருதயராஜின் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். "நான் படிக்காதவன், தவறிருந்தால் பொறுக்கவும்" என்ற வரியைப் பாதியில் விழுங்கிவிட்டேன். திரும்ப ஒருமுறை படித்தேன். பிறகு, எந்தத் தேதியில் பிரித்தேன், எந்தத் தேதியில் 'எந்த லெட்டர்?' என்று அவரிடமே கேட்டேன், இரண்டையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆடிட்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், அவர் என்ன செய்தார்?

நடுவர் வேலையை விட்டுவிட்டேன். வேண்டாமென்று யாரும் தடுக்கவில்லை. ஒரு ஆளாவது தடுப்பார் என்று எதிர்பார்த்ததையும் எழுதி வைக்கிறேன்.

இருதயராஜ் வரவில்லை. கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லி முபாரக் போனார். ஏர்கன்னை விற்கவில்லை என்று மட்டும் சொன்னாராம்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜெர்மனிக்கு எழுதியதற்குப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறார்களாம். கண்டுபிடித்தவர் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். இ-ரு-த-ய-ரா-ஜ், பாலக்கரை, திருச்சி என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து அனுப்பினேன். லேமினேட் பக்கத்தை வத்சலா எங்கோ எடுத்து வைத்துவிட்டாள். நான் தேடவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

கண்ணாடிக்கடையில் முபாரக் ஒரு அலமாரியை ஒழித்து, அந்த ஜெட்டைப் பார்வைக்கு வைத்திருக்கிறார். போகலாமா வேண்டாமா என்று பதினோரு மணிவரை வீட்டுக்குள் நடந்தேன். "முட்டிக்கு நல்ல நடைதான்" என்றாள் வத்சலா. போனேன்.

இருதயராஜ் அங்கேதான் இருந்தார். தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

மஞ்சள் ஏழு. கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். ஏழின் கால், கீழே முடிகிற இடத்தில், மஞ்சளுக்கு அடியில் மயிரிழை அளவுக்குக் கருப்பு எட்டிப்பார்த்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. இதைப் பார்த்தே பழகிய கண், எனக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் அதை எப்படி விட்டார்?

"கீழ கொஞ்சம் கருப்பு நிக்குது இருதயராஜ்" என்றேன், மெதுவாக.

"தெரியும் சார். வேணும்னுதான் விட்டேன்."

"ஏன்?"

அவர் அலமாரிக் கண்ணாடியைத் தன் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்கதான் சார் சொல்லுவீங்க. அடையாளம் இருந்தாத்தான் யாரு வேலைன்னு பின்னாடி வர்றவன் கண்டுபிடிக்க முடியும்னு."

ஆமாம் என்றேன். அப்புறம் முபாரக் மூன்று டீ சொன்னார்.